கொசு சார்

பங்காருபேட்டையில் தெருமுனைக்கு ஒரு பானிபூரி வண்டி நிற்பதுபோல, தெருவுக்கு ஒரு கொசு சார் இருப்பார். வண்டியைத் தேடி நாம் போக வேண்டும். கொசு சார் அவராகவே வந்துவிடுவார்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ரயில்வேயிலோ பெமல் தொழிற்சாலையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அல்லது தங்கவயல் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடியபோது கைக்கு வந்த பணத்தில் இங்கே மனை வாங்கி, காம்பவுண்டு சுவர் எழுப்பி, கேட்டில் பெயர்ப்பலகை மாட்டியவர். இந்தக் காம்பவுண்டுதான் விஷயமே. லைன் வீட்டில் இருந்தவரை கொசு ஊருக்குப் பொது. கடித்தால் சொறிந்துகொண்டு தூங்கிவிடலாம். சொந்த வாசல், சொந்தத் தென்னங்கன்று, சொந்த சம்ப் என்று ஆனபிறகு உள்ளே வரும் ஒவ்வொரு கொசுவும் அத்துமீறி நுழைந்த ஆசாமி. அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் மாங்காய் மழை இரண்டு தூறல் போட்டுவிட்டுப் போகும். தரை நனையாது, புழுக்கம் மட்டும் ஏறும். சாயங்காலம் ஆனதும் கொசு சார் லுங்கியும் பனியனுமாக வாசலுக்கு வருவார். வலது கையில் கொசு பேட், இடது கையில் டார்ச். தலைக்கு மேலே கூட்டமாகச் சுற்றுகிறதே, அதில்தான் முதல் வீச்சு. பட், பட், பட். "நாப்பத்தி ரெண்டு" என்பார் நம்மைப் பார்த்து. அந்தி நேரத்தில் அப்படித் தலைக்கு மேல் ஆடுகிற கூட்டம் பெரும்பாலும் ஆண் கொசுக்கள். ஆண் கொசு ரத்தம் குடிப்பதில்லை, பூச்சாறு குடித்துப் பிழைக்கிறது. சார் தினமும் நிரபராதிகளை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவிட்டுத் திருப்தியாக உள்ளே போகிறார். குற்றவாளியான பெண் கொசு அதற்கு முன்பே கட்டிலுக்கு அடியில் இடம் பிடித்திருக்கும்.

கொசு எங்கிருந்து வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. வெளியிலிருந்துதான். முதல் குற்றவாளி பெங்களூர். அந்த ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து, கே.சி. வேலி திட்டத்தில் 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பி வருகிறார்கள். "பெங்களூர்க்காரன் குளிச்ச தண்ணி வருது, அவன் வளத்த கொசுவும் கூடவே வருது" என்பார். அந்தத் தண்ணீரின் தரம் பற்றி நீதிமன்றம் வரை வழக்கு போனது உண்மை. ஆனால் சாரின் வாதம் கொஞ்சம் வேறு. கொசுக்கள் அங்கே ரயிலேறி, ஜங்ஷனில் இறங்கி, மாரிகுப்பம் லைனுக்கு மாறாமல் இங்கேயே தங்கிவிடுகின்றனவாம்.

இரண்டாவது குற்றவாளி பக்கத்து காலி மனை. சொந்தக்காரர் எங்கோ இருக்கிறார். பார்த்தீனியம் மட்டும் இங்கே இருக்கிறது. கர்நாடக அரசு 2024-ல் டெங்குவைக் கொள்ளைநோய் என்று அறிவித்து, கொசு வளர விடுகிறவர்களுக்கு அபராதம் விதித்தது. நகரத்து வீடு என்றால் 400 ரூபாய். செய்தி வந்த அன்றே பேப்பரைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். காலி மனைக்காரர் வந்தால் நீட்டுவதற்காக.

ஆயுதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருள் உண்டு, திரவம் உண்டு, கைக்குத் தடவும் களிம்பு உண்டு. எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைப்பார். கற்பூரத்தைக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்க விடுவார். நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுகிற நாளில் தெருவே இருமும். "அண்ணா, கொசு கடிச்சா அரிப்பு, நீங்க மூட்டம் போட்டா ஆஸ்துமா. நாங்க எங்கதான் போறது?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டதுண்டு. "தங்கச்சி, ஒரு காரியம் ஆகணும்னா கொஞ்சம் கஷ்டப்படணும்" என்பது அவர் பதில். கொசுமருந்து வண்டி வந்து தெருவில் வெள்ளைப் புகை அடித்துவிட்டுப் போனால் அன்று அவருக்குத் தீபாவளி. அந்தப் புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், தண்ணீரில் நெளிகிற கூத்தாடிப் புழுவைத் தொடாது, இரண்டு நாளில் புதுசு கிளம்பும் என்று அவரிடம் யாராவது சொன்னால், சொன்னவரைப் பெங்களூர்க்காரர் பட்டியலில் சேர்த்துவிடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மூலிகைத் தோட்டம் போட்டிருக்கிறார். துளசி, எலுமிச்சைப் புல், துலுக்கச் சாமந்தி. கொசுவை விரட்டும் செடிகளாம். தரையில் கறை படியக்கூடாது என்று ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டு நிறையத் தண்ணீர். மேலே கொசுவுக்கு எதிர்ப்பு, கீழே கொசுவுக்குப் பிரசவ விடுதி.

போன வருஷம் சுகாதாரப் பணியாளரான ஆஷா பெண் சர்வேக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவள் சாக்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே தொட்டித் தட்டுகளைச் சாய்த்தாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை இழுத்துப் பார்த்தாள். "சார், ஸ்வல்ப சம்ப் மூடியைத் தூக்குங்க" என்றாள். டார்ச் வெளிச்சத்தில் குட்டிக் குட்டியாகப் புழுக்கள் நெளிந்துகொண்டு மேலும் கீழும் போய் வந்தன.

"அது டேங்கர் தண்ணிம்மா. சுத்தமான தண்ணி. கொசு சாக்கடையிலதான் வரும்."

"சாக்கடையில வர்றது க்யூலெக்ஸ் சார், ராத்திரி கடிக்கும். டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும், பகல்ல கடிக்கும்."

நம்ம ஊர் பானிபூரித் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்குமே, டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கும் தண்ணீர் அப்படி இருந்தால்தான் பிடிக்கும். சார் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு, "பக்கத்து மனையைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அவருக்குப் பிடித்த கதை ரொனால்ட் ராஸ் கதை. 1897 ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தவர், 1902-ல் நோபல் வாங்கியவர். "அதே 1902-லதான் சிவசமுத்திரத்துல இருந்து நம்ம தங்கவயலுக்குக் கரண்டு வந்துச்சு" என்று, ஏதோ இரண்டுக்கும் இவர் குடும்பம்தான் ஏற்பாடு செய்தது போலச் சொல்வார். தன்னை ராஸின் வாரிசாகவே நினைத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் ராஸுக்கு இந்தப் பக்கத்தோடு இன்னும் நெருக்கமான ஒரு கதை உண்டு. 1883 வாக்கில் அவர் பெங்களூரில் ராணுவ மருத்துவராக இருந்தார். தங்கியிருந்த பங்களாவில் கொசு பிய்த்தெடுத்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பீப்பாயில் தண்ணீர் நின்றது, அதில் புழுக்கள் நெளிந்தன. பீப்பாயைக் கவிழ்த்தார், கொசு போயிற்று. அதே ஊக்கத்தில் படைப்பிரிவின் அஜுடன்ட் அதிகாரியிடம் போய், உணவு விடுதியின் தொட்டி, டப்பா, பூச்சாடித் தண்ணீரையெல்லாம் கொட்டச் சொல்லிக் கேட்டார். அதிகாரி மறுத்துவிட்டார். இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கக்கூடாது, கொசுவும் ஏதோ காரணத்துக்காகத்தான் படைக்கப்பட்டிருக்கிறது, பொறுத்துப் போவதுதான் நம் கடமை என்று விளக்கமும் கொடுத்தாராம். நம் கொசு சார் ராஸின் வாரிசு இல்லை. அந்த அஜுடன்டின் வாரிசு. கையில் பேட் வைத்திருக்கிற அஜுடன்ட்.

அவருக்காக ஒரு வார்த்தை பேசவும் வேண்டும். ராஸ் பீப்பாயைக் கவிழ்த்ததுபோல இங்கே யாரும் லேசாகக் கவிழ்த்துவிட முடியாது. கோலார் மாவட்டத்தில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. போர்வெல் ஆயிரம் அடிக்கு மேல் போயும் காற்றுதான் வருகிறது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது ஜாதகத்தில் பார்க்க வேண்டிய விஷயம். சம்ப், சின்டெக்ஸ், டிரம், குடம், பழைய பெயின்ட் டப்பா என்று எதில் பிடிக்க முடியுமோ அதிலெல்லாம் பிடித்து வைக்கிற ஊர் இது. தண்ணீரைக் கொட்டுவது என்றால் கை வராது. பாவம் என்று நினைத்து வளர்ந்த தலைமுறை. டெங்குவுக்கு வேண்டியதும் அதுதான்: தாகம் எடுத்த ஊர், திறந்து கிடக்கிற டிரம், ஒரு வாரம். முட்டை கொசுவாவதற்கு வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும்.

இதற்கு வழியைக் கண்டு காட்டியதும் இந்தத் தாலுகாதான் என்பதுதான் வேடிக்கை. குப்பம் போகிற பக்கம் இருக்கிற காமசமுத்திரத்தைச் சுற்றிப் பட்டு வளர்க்கிற கிராமங்கள். வீட்டுக்குள் மருந்தடிக்க ஜனங்கள் விடவில்லை. கொசு செத்தால் பட்டுப்புழுவும் சாகுமே. 1990-களில் மலேரியா ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் மருந்தை மூட்டை கட்டிவிட்டு, கிணறுகளில் கப்பி மீனையும் குளங்களில் கம்பூசியா மீனையும் விட்டார்கள். புழுக்களை மீன் தின்றது, மலேரியா மளமளவென்று குறைந்தது. இதைச் சாரிடம் சொன்னேன். "மீன் வளக்கலாம்பா. ஆனா பக்கத்து மனையில பூனை இருக்கே" என்றார்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் வாதாட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பேப்பர் படிக்கும்போது மெல்லப் போய், தொட்டித் தட்டுத் தண்ணீரையும் டிரம் தண்ணீரையும் அவருடைய தென்னங்கன்றுக்கு ஊற்றுங்கள். மண்ணுக்குள் போன தண்ணீரில் கொசு வளராது, தண்ணீரும் வீணாகாது. டிரம்மைக் காலி செய்ததோடு விட்டுவிடாதீர்கள். ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவி, வாயில் பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டுங்கள். அடுத்த ஞாயிறும் இதையே செய்ய வேண்டும்.