கலைக்கப்பட்ட ஆணையத்துக்கு ஒரு மேன்முறையீடு

பெறுநர்: குடிவரவு மதிப்பீட்டு ஆணையம், அவுஸ்திரேலியா (2015–2024)
பொருள்: நேரில் வர அனுமதி கோருதல்

பெருமதிப்புக்குரிய ஆணையமே,

2024 ஒக்டோபர் 14 அன்று உங்களைக் கலைத்துவிட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆள் எதிரில் இல்லாமலே அலுவலை முடிப்பது உங்களிடம் கற்ற வித்தை.

2012 ஓகஸ்ட் 13 முதல் 2013 முடியும்வரை படகில் வந்தவர்களின் மறுக்கப்பட்ட பாதுகாப்புக் கோரிக்கைகளை மீளாய்வு செய்யவென்றே உங்களைப் படைத்தார்கள். விமானத்தில் வந்து பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டவர், தீர்ப்பாயத்தின் முன் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லலாம். படகில் வந்தவருக்காகக் கோப்பு பேசும். கடல்வழி வந்த உண்மை நனைந்திருக்கும் என்று நினைத்தீர்களோ என்னவோ.

இதற்குப் பெயர் துரிதப் பாதை. விண்ணப்பிக்கும் அனுமதிக்கே பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு அமைச்சர் 2017 ஒக்டோபர் 1ஐக் கெடுவாக வைத்தார். மறுப்பு வந்தால் உங்களுக்கு எழுத 21 நாள், ஐந்து பக்கம். அரசாங்கச் செலவில் கிடைத்த சட்ட உதவியைப் பெரும்பாலானோருக்கு 2014இலேயே நிறுத்தியிருந்தார்கள். அரசாங்கம் தாமதித்தால் அது நிர்வாகம்; அகதி தாமதித்தால் அது சந்தேகம்.

உங்கள் சட்டம் உங்களிடம் கேட்டது செயற்திறன், விரைவு, பக்கச்சார்பின்மை. மற்றத் தீர்ப்பாயத்துக்கு எழுதியிருந்த ‘நியாயம்’, ‘நீதி’ இரண்டும் உங்களுக்கு எழுதப்படவில்லை. எழுதாததைச் செய்யவில்லை என்று உங்களைக் குறைசொல்வது அநியாயம். எழுதியிருந்ததில்தான் கொஞ்சம் இடறினீர்கள். கோரிக்கைக்குச் சம்பந்தமில்லாத, ஒருவரைக் கெட்டவராகக் காட்டும் காகிதங்களைக் குடிவரவுத் திணைக்களம் உங்களுக்கு அனுப்பியிருந்தது. அவருக்கு அது தெரியாது. பக்கச்சார்பு என்று நினைக்க இடமிருக்கிறது என 2019இல் உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது.

புதுத் தகவல் என்றால் ‘விதிவிலக்கான சூழ்நிலை’ வேண்டும் என்பீர்கள். சொந்த நாட்டுத் தடுப்புக்காவலில் நடந்ததை, முதல் நேர்காணலில், தன் ஊர்ப்பேச்சுப் பேசும் மொழிபெயர்ப்பாளர் முன்னால் சொல்லக் கூசியவர், பிறகு சொன்னால் ‘அப்போதே ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்வி காத்திருக்கும். வெட்கத்துக்கு விதிவிலக்கு இல்லை.

நீதிமன்றப் பதிவில் ஏபிடி17 என்று மட்டும் அறியப்பட்ட இலங்கைத் தமிழரின் வழக்கு நினைவிருக்கும். நேரில் பார்த்த அதிகாரி நம்பியதை, பார்க்காத நீங்கள் நம்ப மறுத்தீர்கள். அவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் அப்படி முடிவெடுத்தது சட்டப்படி நியாயமற்றது என்று 2020இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகத்தைப் பார்க்காமலே பொய்யைக் கண்டுபிடிக்கும் அந்தத் திறமையை நீதிபதிகளுக்குப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை.

உங்கள் முடிவு இவ்வளவு கொடுமையாக இருக்கவில்லை என்பதில் எனக்கு ஆறுதல். உங்களைக் கலைக்குமுன் மசோதா வந்தது. பாராளுமன்றக் குழு விசாரித்தது. விரும்பியவர்கள் எழுதிக் கொடுத்தார்கள், நேரிலும் பேசினார்கள். ஐந்து பக்கத்தைத் தாண்டியவர்களையும் யாரும் விரட்டவில்லை.

உங்களைக் கலைத்த சட்டம் உங்கள் மறுப்புகளைக் கலைக்கவில்லை. தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு 2023இல் நிரந்தர விசாவுக்கு வழி பிறந்தது. நீங்கள் மறுத்தவர்களில் பலர் இன்னும் பிரிட்ஜிங் எனும் இடைக்கால விசாவைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அலுவலகத்தை மூடுவதற்குக் கேட்ட அளவு கருத்தையாவது, ஓர் ஆளைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அவரிடம் கேட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
கூப்பிட்டால் நேரில் வரத் தயாராக இருக்கும் ஒருவன்