ஹெரால்டுக்கு ஒரு வைப்பர்

கவென்ட்ரி,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள அண்ணாவுக்கு, தம்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை அண்ணி தொலைபேசியில் சொல்லக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன், ஆனால் அதே மூச்சில் அவர்கள், "மழை வந்தால் வண்டியை உள்ளே தள்ளிப் பூட்டிவிடுகிறீர்களாமே, அது என்ன உப்பு மூட்டையா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அடுப்பில் ஏதோ தீய்கிறதென்று போய்விட்டார்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற சமாசாரம் அல்ல அது. ஆகையால் எழுதுகிறேன், அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

விஷயம் இதுதான்: என் ஹெரால்டுக்கு வைப்பர் இல்லை. அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பெருங்களத்தூரில் பூட்டி முடித்த வண்டியென்றால், என்னுடையது அதற்கு மூத்தாள் பிள்ளை முறையாக, இதே கவென்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையில் 1965-இல் டிரையம்ப் என்ற பெயரோடு பிறந்தது. 1959 முதல் 1971 வரை ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஹெரால்டுகள் பிறந்தன. 1980-இல் கேன்லியில் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. இன்று அந்தப் பக்கம் போனால் ஹெரால்டு அவென்யூ என்று ஒரு வீதி இருக்கிறது. பெயர்ப்பலகைக்குக் குறைவில்லை, வைப்பருக்குத்தான் பஞ்சம்.

வைப்பர் என்றால் கண்ணாடியின்மேல் ஆடுகிற குச்சி, அவ்வளவுதானே என்று, உத்தியோக காலம் முழுவதும் பேரேட்டைத் தவிர வேறு யந்திரத்தைத் தொட்டறியாத நானும் எண்ணியிருந்தேன். உள்ளே ஒரு பிரபஞ்சமே இயங்குகிறது, அண்ணா. லூகாஸ் மோட்டார் ஒன்று சுழல, அதனோடு பிணைத்த தண்டு, குழாய்க்குள் கிடக்கும் எஃகுக் கயிறு ஒன்றை முன்னும் பின்னும் தள்ள, அந்தக் கயிற்றின்மேல் மரைபோலச் சுற்றிய கம்பி, டாஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இரண்டு சிறு பற்சக்கரங்களை அப்படியும் இப்படியும் திருப்ப, அவற்றின் அச்சுகள் கண்ணாடிக்குக் கீழே தலைநீட்டி வைப்பர் கைகளை ஆட்டுவிக்கின்றன. சக்கரம் முழுச்சுற்று சுற்றுவதே இல்லையாகையால் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டுமே தேயும். தேய்ந்ததும் கழற்றி அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டால், மறுபக்கம் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும் என்பது இங்குள்ள பழங்கார் பக்தர்கள் யாவரும் அறிந்த உபாயம். ஆவலோடு கழற்றிப் பார்த்தேன். எனக்கு முன் வண்டியை வைத்திருந்த புண்ணியவான் அந்த உபாயத்தை எப்போதோ செய்து, மறுபக்கத்தையும் தேய்த்து முடித்துவிட்டுத்தான் எனக்கு விற்றிருக்கிறார்.

சக்கரங்கள் புதிதாகக் கிடைத்தன. பணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். தொல்லை அதற்குப் பிறகுதான். தபாலில் உதிரிப்பாகம் விற்கும் ஒருவரிடம், "வைப்பர் கையும் பிளேடும் வேண்டும்" என்று மரியாதையாகக் கேட்டேன். கையின் நுனி கொக்கியா, திருகாணியா, தட்டையா என்றார். தட்டை என்றேன். தட்டையென்றால் அகலம் 5.2 மில்லிமீட்டரா, 7.2 மில்லிமீட்டரா என்றார். வர்னியர் காலிப்பர் வாங்கி வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து அளந்து, 7.2 என்று அறிவித்தேன். பெண் பார்த்துவிட்டு வந்து ஜாதகப் பொருத்தம் கேட்பதுபோல் அச்சின் பற்கள் எத்தனை, கையின் நீளம் என்ன, வளைவு எந்தப் பக்கம் என்று அவர் கேட்டுக்கொண்டே போக, இவ்வளவும் ஒத்து வந்ததும் பார்சல் அனுப்பினார். அது அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான வண்டிக்கு உரியது. மாட்டிப் பார்த்தபோது, அந்தக் கைகள் ஓட்டுகிறவன் முன்னால் ஒரு கோணத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்கு மூலைமுடுக்கெல்லாம் துடைத்துப் பணிவிடை செய்தன. "இப்போது எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது. நான் சொல்கிறபடி ஓட்டுங்கள்" என்றாள் தங்கள் தம்பி மனைவி. நாற்பது வருஷமாக நடப்பதற்கு இப்போதுதான் யந்திர பூர்வமான ஆதாரம் கிடைத்தது என்பது அவளுடைய கட்சி.

அந்தக் கைகளைக் கழற்றிவிட்டு, வைப்பர் இல்லாமல் ஓட்டினால் யார் கேட்கப் போகிறார்கள் என்று தாங்கள் நினைக்கலாம். இந்த ராஜ்யத்தின் சட்டம் விசித்திரமானது. நாற்பது வயது கடந்த வண்டி, உருமாறாமல் இருந்தால், வருஷாந்தரப் பரிசோதனைக்குப் போக வேண்டியதில்லை. வரியும் கிடையாது. ஆனால் வரி கிடையாது என்பதற்காக வரி கட்டாமல் இருக்க முடியாது! வருஷந்தோறும் முறைப்படி விண்ணப்பித்து, பூஜ்யம் பவுன் வரியைச் செலுத்தியாக வேண்டும். செலுத்தத் தவறினால் அபராதம் மட்டும் பூஜ்யம் அல்ல. வாழ்நாளெல்லாம் கணக்கு எழுதிய எனக்கே, ஒன்றுமில்லாததைத் தவணை தவறாமல் கட்டும் இந்த வித்தை புதிது. கட்டியபின் தொகை பூஜ்யம் என்று அச்சாகி வருவதைக் கோப்பில் பத்திரமாகத் தைத்து வைத்திருக்கிறேன். சென்ற வருஷத்துப் பூஜ்யத்துக்கும் இந்த வருஷத்துப் பூஜ்யத்துக்கும் வித்தியாசம் உண்டா என்று ஒப்பிட்டும் பார்த்தேன், இல்லை. ஒரு கடுதாசியில் விசாரிக்கலாமா என்று யோசித்தபோது, சிரிக்கத் தெரியாத உத்தியோகஸ்தர் யாரேனும் மனப்பூர்வமாகப் பதில் எழுதிவிடுவாரோ என்று பயந்து விட்டுவிட்டேன். பரிசோதனை இல்லையே தவிர, அபாயமான நிலையில் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தால் 2,500 பவுன் வரையில் அபராதமும், லைசென்ஸில் மூன்று புள்ளிகளும் விழும். ஆகவே அரசாங்கம் என் வைப்பரைப் பார்க்காது. ஆனால் வைப்பர் இருக்க வேண்டும். பகவானைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

மழையாவது ஒழுங்காகப் பெய்தால் ஒதுங்கி நிற்கலாம். இந்த ஊர் மழை பெய்கிறது என்றும் சொல்ல முடியாது, விட்டது என்றும் சொல்ல முடியாது. காலையில் கண்ணாடியில் பொட்டுப்பொட்டாக ஒட்டிக்கொண்டால் சாயங்காலம் வரையில் அப்படியே இருக்கும். நம் லாரி டிரைவர்கள் புகையிலையைக் கண்ணாடியில் தேய்ப்பார்களே, இங்கே புகையிலை விற்கிற விலைக்கு அது கட்டாது என்று, உருளைக்கிழங்கை இரண்டாக நறுக்கித் தேய்த்தேன். நீர் பொட்டாக நிற்காமல் படலமாக வழிந்து, வழி நன்றாகவே தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று வெகுநேரம் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஜனங்கள் எதையும் கேட்கமாட்டார்கள். நம் தெருவாயிருந்தால் பத்துப் பேர் கூடி, ஒருவர் கிழங்கைப் பிடுங்கித் தாமே தேய்த்துக் காட்டியிருப்பார். கார்த்திகையில் வைப்பர் தோற்றுப்போகிறபடி கொட்டும் மழையில், அப்பா மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, நாம் நால்வரும் உள்ளே வேர்த்துக்கொண்டு வேர்க்கடலை தின்றோமே, அந்த மழையை நினைத்தால் எனக்கு இந்தத் தூறலின்மேல் கோபங்கூட வருகிறது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். திருட்டுக்குப் பயந்து அப்பா ராத்திரிதோறும் வைப்பரைக் கையோடு கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார் அல்லவா? வண்டியை விற்றது சித்திரை மாதம். வாங்கியவர் அந்த வெயிலில் வைப்பரைப் பற்றி நினைக்கவும் இல்லை, அப்பா எடுத்துக் கொடுக்கவும் இல்லை. ஆகவே அது வீட்டில்தான் இருக்கிறது. பூஜை அலமாரியின் கீழ் இழுப்பறையில் முதலில் பாருங்கள். இல்லையென்றால் பரண்மேல் பெரிய அண்டாவுக்குப் பின்னால். பர்மிங்ஹாம் லூகாஸ்தானே 1961-இல் நம் பாடியில் டி.வி.எஸ்.ஸோடு கூட்டுச் சேர்ந்தது. வேர் ஒன்றாயிருக்க அளவும் ஒத்துப்போகும் என்பது என் நம்பிக்கை. அங்கும் அகப்படாவிட்டால், சிரமம் பாராமல் ஒரு நாள் புதுப்பேட்டைப் பழைய உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய் வாருங்கள். துரு இருந்தால் சுரண்டவேண்டாம், அண்ணி சாம்பல் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். நுனியின் அகலத்தை மட்டும் அளந்து, 7.2 மில்லிமீட்டர் இருந்தால் பழைய வேட்டியில் சுற்றி, தை மாதம் இங்கே வரும் சங்கரிடம் கொடுத்தனுப்புங்கள். ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கவேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள தம்பி.