நோர்பரிப் பாலத்தடியில் சப்வூஃபர் மௌனமாகும் காரணம் குறித்து ஓர் ஆராய்ச்சி

காரின் டிக்கியில் வீற்றிருந்து, தெருவிலுள்ள ஜன்னல்களையெல்லாம் அதிரச் செய்யும் சப்வூஃபருக்கு உயிரூட்டும் அம்பிளிஃபயரானது, பாட்டு மந்தர ஸ்தாயியில் இறங்கும் சமயம் பார்த்துச் செவ்விளக்கைக் காட்டிவிட்டு மௌனமாவது ஏன் என்னும் வினா, தென் லண்டனில் நோர்பரி முதல் தோர்ன்டன் ஹீத் வரை வாழும் நம்மவரால் பிறந்தநாள் விருந்துகளிலும் கோயில் வாசல்களிலும் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்தும், தொல்காப்பியத்தின் காலத்தை ஆயிரமாண்டு முன்னும் பின்னும் தள்ளி விளையாடும் பேராசிரியப் பெருமக்களின் கடைக்கண் பார்வை இதன்மேல் விழாதது பெருங்குறையேயாம்.

காரணங்களை அறிஞர் பலவாறு வகுப்பர். பியூஸ் போவது ஒன்று, போனால் மாற்றுக. ஸ்பீக்கர் வயரின் இழையொன்று பிரிந்து காரின் உடம்பைத் தொடுவது மற்றொன்று. அம்பிளிஃபயரைக் கம்பளியால் போர்த்தி, அதன்மேல் அரிசி மூட்டையையும் ஏற்றி வைத்துவிட்டு, அது சூடாகி நின்றுபோவதை அதிசயமாகச் சொல்வோர் மூன்றாம் வகுப்பார். நான்காவது தடைக் குறைவு: 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் மொத்தத் தடை 2 ஓம் ஆகும், பிரிட்ஜ் முறையில் இணைத்த அம்பிளிஃபயர்கள் பல 4 ஓமுக்குக் கீழே தாங்கமாட்டா. இவ்விதியை வகுத்த ஓம் என்பார் 1827இல் தம் நூலை வெளியிட்டபோது, அவருடைய நாட்டு வித்வான்கள் அதைப் பெரும்பாலும் அலட்சியம் செய்தனர். லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் அளித்தது 1841இல். ஒரு வரிச் சமன்பாட்டை அங்கீகரிக்கவே 14 ஆண்டுகள் பிடித்தனவென்றால், அம்பிளிஃபயர் விஷயத்தில் நாம் அவசரப்படுவது சாஸ்திர சம்மதமாகாது.

திணை வகுப்பிலும் பேதம் உண்டு. பாட மறுத்தல் ஊடலின்பாற்படுதலின் மருதம் என்பர் ஒருசாரார். பாடாப் பெட்டியைப் பிரிந்து வருந்துதலின் பாலை என்பர் வேறொருசாரார். தானாக மீளும் என்று காரிலேயே காத்திருத்தலின் முல்லை என்பாரும் உளர்.

இனி, இவ்வாராய்ச்சியின் ஜீவநாடியாகிய பாலவாதத்துக்கு வருவோம். லண்டன் ரோட் எனப்படும் ஏ23 நெடுஞ்சாலை, 1878இல் திறக்கப்பட்ட நோர்பரி ஸ்டேஷனை ஒட்டி ரயில் பாலத்தின் அடியே செல்கிறது. மாலை வேளையில் அப்பாலத்தடியில் அம்பிளிஃபயர் நின்றுபோம் என்பது அநுபவ சித்தம். பாலம் சப்தத்தை விழுங்குகிறது என்பது பிராசீன மதம். மேலே தண்டவாளத்தருகில் ஓடும் 750 வோல்ட் மின்சாரத்தின் சந்நிதியில், கீழே நிற்கும் 12 வோல்ட் நாணித் தலைகுனிகிறது என்பது நவீன மதம். வடக்கே ஸ்ட்ரெதம் நோக்கிப் போகையில் நிற்பது நித்தியம், தெற்கே குரொய்டன் நோக்கி வருகையில் நிற்பது நைமித்திகம் என்று சமரசம் செய்வது மூன்றாம் மதம்.

இம்மூன்றுக்கும் பிரமாணமாவது, பெட்ரோல் ரசீதொன்றின் பின்புறத்தில் பேனாவால் எழுதப்பெற்று, ரோல்ஸின் எண்ணெய் பட்டு நடுப்பகுதி சிதைந்துபோன ஏகப் பிரதியாகும். அதில் எஞ்சியிருப்பன ‘பாலத்தடியில்’ என்னும் தொடக்கமும் ‘பார்’ என்னும் முடிவுமே. இடையே ‘நிறுத்திப்’ என்று பாடங்கொள்வர் பதிப்பாசிரியர். அவருடைய மைத்துனரோ, அந்த ரோல்ஸின் மறுபாதியை உண்டவர் தாமே ஆதலின் மூலபாடம் தம் வசமே உள்ளது என்பர். எண்ணெய் ஆட்டிறைச்சியினதா மீனினதா என்று நிச்சயிக்காமல் பாடபேதம் தீராது என மூன்றாமவர் எழுதிய கண்டனம், ரசீதின் இடது ஓரத்தில் தொடங்கி, அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பாக வலது ஓரம் ஏறி, விலை விவரத்தின் மீதும் படர்ந்துவிட்டமையால், எத்தனை லிட்டர் போட்டார்கள் என்பதும் இன்று ஆராய்ச்சிக்குரியதாயிற்று.

பாலத்தடியில் வண்டிகள் வரிசையாக நிற்கும் என்பதை இவர்களுள் எவரும் கருதினாரல்லர். நிற்கும் காரில் எஞ்சின் மெல்ல ஓடுதலின், ஆல்டர்னேட்டர் குறைவான மின்சாரத்தையே தரும். குளிர்கால மாலையில் முன்விளக்கும் ஹீட்டர் விசிறியும் பின்கண்ணாடிச் சூடும் பிரேக் விளக்கும் அதில் பங்கு கேட்கும். அந்நேரத்தில் மந்தர ஸ்வரம் விழுமாயின், 1,000 வாட் எடுக்கும் பெட்டி 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எர்த் வயரின் வளையம் பெயின்ட்டின் மேலேயே முறுக்கப்பட்டிருந்து, அங்கே 0.05 ஓம் தடை மட்டும் இருந்தாலும், 40 ஆம்பியர் ஓடும்போதே 2 வோல்ட் அங்கே தொலைந்துபோம். எஞ்சிய வோல்ட் போதாமையால் அம்பிளிஃபயர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. பாட்டு ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை அம்பிளிஃபயரின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தால், தொலைந்த வோல்ட் முள்ளிலே தெரியும்.

கராஜ் அண்ணை ஒருவர் “எர்த்தைக் கழட்டிப் பாத்தனீரோ, தம்பி?” என்று கேட்டு, டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி, பெயின்ட்டைச் சுரண்டி, வளையத்தை வெறுந்தகட்டின் மேல் இறுக்கிக் கொடுத்தார். அதன்பின் பாலத்தடியிலும் பாட்டு நிற்கவில்லை. ஆயினும் அவர் முடிவில் மேற்கோள் ஒன்றேனும் இல்லாமையால் பாலவாதிகள் அதை ஏற்றிலர். மேலும், காரிலிருப்போரின் இன்பத்துக்காக மட்டும் ஒலிக்கும் ஒலிபெருக்கியை, அக்கம்பக்கத்தார் எரிச்சலடைய நியாயமான காரணம் ஏற்படாதவரை பொறுத்துக்கொள்ளும் 1974ஆம் ஆண்டு மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 62ஆம் பிரிவுக்கு, நிற்காத அம்பிளிஃபயரை முன்னிட்டு விரிவுரை எழுதவேண்டிய அவசியம் நேர்ந்துவிட்டது. மைத்துனர் ரசீதின் முன்புறத்தில் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.