கடைமடைக்காரர் சிங்கப்பூர் போனால்

திருச்சியில் விமானம் ஏறினால் சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம். பட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் சென்னை போவதற்கு அதைவிட நேரமாகும். அதனால் மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கத்து ஆட்களுக்கு அதை வெளிநாடு என்று சொல்லவே வாய் வராது. ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறினார்கள். இப்போது பெண்ணும் மாப்பிள்ளையும் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அறுப்பு முடிந்த கையோடு கிளம்பிவிட வேண்டியதுதான்.

வடகம், கும்பகோணத்துக் காப்பிப்பொடி எல்லாம் பெட்டியில் போகும். பெட்டியில் வைக்காமலே கூட வருகிற சாமான் ஒன்று உண்டு: டிஎம்சி கணக்கு. மற்ற ஊர்க்காரர்கள் டாலரை ரூபாயாக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். டெல்டாக்காரர் தண்ணீரை டிஎம்சியாகவும் தரையை வேலியாகவும் ஆக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெருமூச்சு விடுவார். சிங்கப்பூரின் பரப்பு ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர் என்று மாப்பிள்ளை சொல்லி வாய் மூடுவதற்குள் 27,000 வேலி என்று விடை வந்துவிடும். “அத்தனை வேலியில ஒரு மா நடவு கூடவா கிடையாது?”

சிங்க முகமும் மீன் உடம்புமாக நிற்கிற மெர்லயன் முன்னால் உலகமே செல்ஃபி எடுக்கிறது. இவருடைய கவலை வேறு. “ராத்திரியிலயாவது அந்த வாயை மூடி வைப்பாங்களா மாப்ளே?”

அவருக்குப் பிடித்துப்போகிற இடம் மரினா தடுப்பணை. 2008-ல் திறந்தது. கடல்வாயை மறித்து உப்புத் தண்ணீரை வெளியே நிறுத்தி, உள்ளே நல்ல தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். நீளம் 350 மீட்டர். கல்லணை கிட்டத்தட்ட 330. கரிகாலன் தோற்கவில்லை, கொஞ்சம்தான் பின்தங்கினான் என்பதில் ஒரு திருப்தி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஷட்டர்களை எண்ணுகிறார்: ஒன்பது. ஒன்றிலும் துருவைக் காணோம். கட்டடத்தின் கூரை முழுக்கப் புல் வளர்த்து, அதன்மேல் குடும்பம் குடும்பமாகப் பட்டம் விடுகிறார்கள். அவ்வளவு புல்லுக்கும் ஒரு மாடு இல்லை. “திறக்குற அன்னிக்கு மந்திரி வந்து பூவும் நெல்லும் தூவுவாரா?” என்று கேட்டார் ஒருவர். மழை பெய்தால் தானாகத் திறந்துகொள்ளும் என்ற பதிலில் அவருக்கு அணையின் மேலிருந்த மரியாதையே குறைந்துவிட்டது. மேட்டூர் அணை திறக்கிற ஜூன் 12 போல ஒரு நாள் கிடையாது, கண்ணீரும் கடுதாசியும் கிடையாது. அது என்ன அணை!

மரியாதை திரும்ப வந்தது ஜோகூர் கதையைக் கேட்டபோதுதான். 1962-ல் போட்ட ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். விலை 1,000 கேலனுக்கு 3 காசு, அதாவது மலேசிய சென். ஒப்பந்தம் 2061 வரைக்கும். விலை போதாது என்று மலேசியா கேட்க, ஒப்பந்தத்தைக் காட்டி சிங்கப்பூர் மறுக்க, பல வருஷமாக இழுபறி. டெல்டாக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இத்தனை கண்ணாடிக் கட்டடத்துக்கும் நடுவே இவர்களும் கடைமடைக்காரர்கள்தானா! இரண்டு நாட்டையும் இணைக்கிற பாலம் திறந்த வருஷம் 1924. மைசூரும் சென்னையும் காவிரி ஒப்பந்தம் போட்ட அதே வருஷம். அந்தப் பாலத்தை ஒட்டித்தான் தண்ணீர்க் குழாய்கள் வருகின்றன.

கணக்கு உடனே ஆரம்பித்தது. அந்த 25 கோடி கேலனை வருஷம் பூராவும் சேர்த்தாலும் 15 டிஎம்சி தேறாது. மேட்டூரின் கொள்ளளவு 93.47. நிரம்பி நின்றால் இவர்களுக்கு ஆறு வருஷத்துக்குக் காணும். “இதுக்கா இவ்வளவு சண்டை?” என்றார், 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சியை மாசவாரியாக ஒப்பிக்கக்கூடியவர்.

கடைமடை என்று இவர்கள் சும்மா இருந்துவிடவுமில்லை. சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து ‘நியூவாட்டர்’ என்று பேர் வைத்து, 2002 தேசிய தினத்தன்று பிரதமர் கோ சோக் டோங்கோடு கூட்டம் முழுக்கப் பாட்டிலைத் தூக்கிக் குடித்தது. இதைக் கேட்ட மாமியார் கையிலிருந்த டபராவைக் கீழே வைத்தார்.

“பெரும்பாலும் ஃபேக்டரிக்குத்தான் போவுது அத்தை.”

“பெரும்பாலும்னா?”

மாப்பிள்ளை பேச்சை மாற்றி எல்லோரையும் சிராங்கூன் சாலைக்குக் கூட்டிப்போனார். அங்கே பொன்னி அரிசி மூட்டையைக் கண்டதும் மாமாவுக்கு உறவினரைப் பார்த்த முகம். காவிரியின் பேரையே வைத்த நெல் அல்லவா! மாப்பிள்ளை விவசாயம் படித்தவர், வாயை அடக்கத் தெரியவில்லை. 1986-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி, மலேசியாவின் மசூரி நெல்லிலிருந்து வந்தது என்றார். அந்த மசூரிக்கு ஒரு பக்கம் தைவான் ரத்தம், மறுபக்கம் மலாயா ரத்தம்.

மாமா கடைக்காரரை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“மெதுவாப் பேசுங்க மாப்ளே. ஜோகூர்க்காரன் காதுல விழுந்தா நம்ம நெல்லுக்கும் பங்கு கேப்பான்.”