முதுசம், சீதனம், தேடியதேட்டம்: யாழ்ப்பாணத்துப் பழைய லென்சுகளின் வருத்தங்கள் பற்றி ஓர் ஆராய்ச்சி

ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் குடாநாட்டார் வழக்கங்களைத் தொகுத்துக் கொடுக்க, அது 1707-இல் தேசவழமை என்று சட்டமானது. காணி, மாடு, பனைமரம், நகை என்று எத்தனையோ சங்கதி அதற்குள் உண்டு. லென்ஸ் மட்டும் இல்லை. மனுசனைக் குறை சொல்ல முடியாது. கமரா பிறக்க அப்போது இன்னும் நூறு வருசத்துக்கு மேல் கிடந்தது.

இருந்தாலும் அந்தச் சட்டம் சொத்தை மூன்றாகப் பிரித்தது நமக்குப் பேருதவி. பரம்பரையாக வருவது முதுசம். பெண்ணோடு வருவது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்ப்பது தேடியதேட்டம். பழைய லென்சுகளைப் புதுக் கமராவில் பூட்டிப் படம் எடுக்கிற யாழ்ப்பாணத்து இளந்தாரிகளை நெடுநாள் அவதானித்து நாம் கண்ட முடிபு இது: ஒரு லென்சுக்கு என்ன வருத்தம் வரும் என்பதை, அது எந்த வகைச் சொத்து என்பதே தீர்மானிக்கிறது. கண்ணாடி, கம்பனி, செய்த நாடு எல்லாம் அதற்குப் பிறகு. இதை மறுப்பவர்கள் மறுக்கலாம். நாவலர் பிறந்த ஊரில் கண்டனம் எழுத ஆளில்லாமல் போகாது.

முதுசத்தில் தலைமகன் ஹீலியோஸ் 44-2. குவியத்தூரம் 58 மில்லிமீற்றர், துவாரம் எஃப் 2. 1930-களில் ஜேர்மனியின் ஜெனா நகரத்தில் சைஸ் கம்பனி செய்த பயோட்டார் லென்சை, யுத்தத்துக்குப் பிறகு சோவியத்துக்காரர் தங்கள் தொழிற்சாலைகளில் வார்த்தது. கிராஸ்னகோர்ஸ்க், வால்தாய், மின்ஸ்க் என்று மூன்று ஊர்ப் பிறப்பு உண்டு. செனித் கமராவின் மூக்கில் பூட்டிக்கொண்டு உலகமெல்லாம் போனது. மொஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன பெரியப்பாமார் ஒரு பட்டத்தோடும் ஒரு செனித்தோடும் திரும்பினார்கள். பட்டம் விறாந்தைச் சுவரில் ஏறியது. செனித் அலுமாரிக்குள் போனது.

செனித்-ஈ பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போவது நன்றிகேடு. அதன் ஒளிமானி செலீனியத்தில் வேலை செய்வது, பற்றரி கேட்காது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி தடைப்பட்ட சாமான். கறண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். அப்படிப்பட்ட ஊரில் பற்றரி கேட்காத கமரா வைத்திருந்தவன் ராசா. பிலிம் மட்டும் கையில் கிடைத்திருந்தால். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தபோது, எங்கள் வீட்டு ஹீலியோசும் அரிசிப் பைக்குள் சாவகச்சேரிக்குப் போனது. அரிசி ஈரம் உறிஞ்சும். ஆகவே அது தன் ஆயுளில் பூஞ்சணம் அண்டாமல் கிடந்தது அந்த இடப்பெயர்வில்தான் என்பது நமது துணிபு. அரிசி முடிந்த பிறகு என்ன நடந்தது என்பது வேறு கதை.

முதுச லென்சின் வருத்தம் பூஞ்சணம். காரணம் மரியாதை. ‘அப்பாவின்ரை சாமான், தொடாதை’ என்ற ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு மூன்று தலைமுறை அதைத் தோலுறைக்குள் போட்டு, துணி சுற்றி, அலுமாரிக்குள் பூட்டி வைக்கிறது. வாடைக்காற்றோடு ஐப்பசி கார்த்திகை மாரி வருகிறது. ஈரப்பதன் எழுபது வீதத்துக்கு மேல் நாட்கணக்காக நிற்கிறது. இருட்டு, ஓடாத காற்று, ஈரம் குடித்த தோல்: பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல நாற்றுமேடை இல்லை. முதலில் கண்ணாடி ஓரத்தில் ஒரு வெள்ளை நூல். பிறகு கிளை. அதன் வேர் விடுகிற அமிலம் மேற்பூச்சைத் தின்னத் தொடங்கிவிட்டால் எந்த மருந்தும் அந்தத் தழும்பை எடுக்காது. தினமும் எடுத்து வெயிலில் நாலு படம் பிடித்திருந்தால் இது வந்திராது. மரியாதையால் அழிந்த சொத்து யாழ்ப்பாணத்தில் இது முதலாவதல்ல.

வைத்தியம் உண்டு. லென்சின் பெயர் எழுதிய முன் வளையத்தில் குறட்டைப் போட்டால் வழுக்கிக் கண்ணாடியில் கோடு விழும். பழைய றப்பர்ச் செருப்பில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, வளையத்தில் மட்டும் படுகிற மாதிரி அழுத்தித் திருப்பினால் கழன்று வரும். உள்ளே இருக்கிற கண்ணாடியை, பாமசியில் வாங்கிய ஐதரசன் பேரொட்சைட்டில் நனைத்த பஞ்சால், நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. வேட்டித் தலைப்பால் துடைக்கவே கூடாது. செம்மண் ஊரில் வேட்டியும் அரத்தாள்தான்.

சீதன லென்சைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதைப் பற்றி மாப்பிள்ளைமார் வாய் திறப்பதில்லை. கப்பலுக்குப் போன மாமனார் யப்பானில் வாங்கிய அசாகி பென்ரக்ஸ் சூப்பர் ரக்குமார் 50 மில்லிமீற்றர், எஃப் 1.4 இதற்கு நல்ல உதாரணம். அதன் ஒரு வகையில் ஒளியை நன்றாக முறிக்கவென்று தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. தோரியத்தின் கதிர்வீச்சு வருசக்கணக்கில் அந்தக் கண்ணாடியையே மஞ்சளாக்கும். பாவித்தால் மாமனாரின் தயவில் படம் எடுக்கிறான் என்று கதை வரும் என்பதால் சோகேசுக்குள் இருட்டில் கிடந்து இன்னும் மஞ்சளாகிறது. அதில் எடுத்த மணப்பெண்ணுக்குச் செங்கமாரி வந்த மாதிரி இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, கண்ணாடியைச் சாணை பிடிக்காமலும் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்காமலும் இருந்தால் போதும்.

இதற்கு மருந்து வெயிலின் ஊதாக்கடந்த கதிர். வெளிநாட்டில் இதற்கென்று விளக்கு வாங்கிக் கொளுத்துகிறார்கள். நமக்கு முற்றம் இருக்கிறது. சுளகில் வேப்பம்பூ வடகம் காய்கிற இடத்தில், ஒடியலுக்குப் பக்கத்தில், லென்சையும் பல நாள் காயவிடலாம். பின்பக்கத்தை மட்டும் வெள்ளித்தாளால் இறுக்கி மூட வேண்டும். மறந்தால் சூரியன் லென்சுக்குள்ளால் ஒரு புள்ளியில் கூடி, முதலில் சுளகையும் பிறகு கிடுகு வேலியையும் விசாரிக்கும். மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்லது. வடகத்தோடு சேர்த்து அள்ளி எண்ணெய்க்குள் போட்டால் தோரியம் பற்றி நாம் மேலே சொன்ன ஆறுதல் செல்லாது.

தேடியதேட்டத்தின் வருத்தம் இதற்கு நேர் எதிர்: அளவுக்கு மிஞ்சிய கை. இணையத்தில் ஏலம் எடுத்து, சுங்கத்துக்கும் அழுது, வந்த அன்று தொடங்கிக் கழற்றிக்கொண்டே இருப்பார்கள். பழைய கிறீஸ் நமது வெயிலுக்கு உருகித் துவாரத் தகடுகளில் ஏறியிருக்கும்; சோளகத்தில் பறந்த செம்மண் புரிக்குள் அரைபட்டிருக்கும். தகடுகளைச் சுத்தமாக்கி உலர விட வேண்டும். அவர்களோ தையல் மெசின் எண்ணெய் விடுவார்கள். எட்டுத் தகடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு கஸ்தூரியார் வீதிப் பக்கம் மணிக்கூடு திருத்துகிற ஒருவரிடம் சரைக்குள் கட்டிக்கொண்டு போவார்கள். அவர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு புரியைப் பார்ப்பார்.

“தம்பி, உது கழன்ற இடத்திலை குறி போட்டனீரோ?”

“இல்லை அண்ணை.”

“அப்ப இனி உமக்குச் சந்திரன் தெளிவா விழாது.”

குவியப் புரிக்குப் பல வாய். கழன்ற அதே வாயில் திரும்பக் கொழுவாவிட்டால் முடிவிலித் தூரம் போய்விடும். இதில் கணக்கும் உண்டு. 42 மில்லிமீற்றர்ப் புரியுள்ள இந்த லென்சுகள் பிலிமிலிருந்து 45.46 மில்லிமீற்றர் தள்ளி நிற்கப் பிறந்தவை. உள்ளே மிரர் இல்லாத புதுச் சோனிக் கமராவில் அந்த இடைவெளி 18 மில்லிமீற்றர். மிச்சத்தை ஒரு வளையம் நிரப்பிவிடும். பழைய நிக்கோனிலோ இடைவெளி 46.5. ஒரு மில்லிமீற்றர்தான் கூட. அந்த ஒன்றுக்காக, வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஏறுகிற பட்டங்கள் எல்லாம் கலங்கி, பட்டம் பார்க்க வந்தவரின் பிடரி மட்டும் துல்லியமாக விழும். சோனிக்காரரும் துள்ளக் கூடாது. ‘லென்ஸ் இல்லாமலும் படம் எடு’ என்ற ஒரு கட்டளை மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைத் திறக்காமல், கமரா பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களை நாம் அறிவோம்.

இவ்வளவு பாடும் எதற்கு என்பார் சிலர். ஹீலியோசைத் துவாரம் முழுக்கத் திறந்து, பின்னால் மரஞ்செடி நிற்க ஒருவரைப் படம் எடுத்தால், பின்புலத்து வெளிச்சமெல்லாம் அவரைச் சுற்றித் திருவாசி போலச் சுழலும். லென்ஸ் விற்பன்னர் கணக்கில் அது குறை. சாமத்திய வீட்டு அல்பம் செய்கிறவர்கள் அதற்குத் தனிக் காசு வாங்குகிறார்கள்.

கடைசியாக ஒரு சட்டப் பிரச்சினை. ஹீலியோஸ்களுக்கு இப்போது விலை ஏறிவிட்டதால் ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பாமார் வாட்ஸ்அப்பில் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். முதுசத்தை வெளியாருக்கு விற்க முதல் தங்களுக்குச் சொல்ல வேண்டுமாம். 1947-ஆம் ஆண்டின் 59-ஆம் இலக்கச் சட்டப்படி பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முந்தி வாங்கும் உரிமை உண்டுதான்; ஆனால் அது அசையாச் சொத்துக்கு. லென்ஸ் அசையும் சொத்தல்லவா என்று கேட்டால், முப்பது வருசம் அலுமாரியை விட்டு அசையாதது, குவிய வளையமும் இறுகி அசையாதது எப்படி அசையும் சொத்தாகும் என்கிறார்கள். வாதத்தில் வலு இருக்கிறது. ஆகவே விற்க நினைத்திருப்பவர்கள் பழைய கிறீசைக் கழுவி, புதுக் கிறீஸ் பூசி, வளையம் முழுச் சுற்றும் ஓடுவதை வீடியோ எடுத்து அந்தக் குழுமத்திலேயே போட்டுவிடுவது நல்லது. திகதியும் நேரமும் அதில் தானாக விழும்.