முன்னமே பார்த்தவர்

கொடைக்கானல் தூண் பாறைக்குக் கிளம்புகிற குடும்பம் எதுவானாலும் அதில் ‘முன்னமே பார்த்தவர்’ ஒருவர் இருப்பார். இ-பாஸ் இல்லாமல்கூட வத்தலக்குண்டு வரைக்கும் போய்விடலாம். இவர் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. பயணத்தை முடிவு செய்தவரே அவர்தான்.

ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வத்தலக்குண்டு வெயிலில் மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்கும்போது, குரங்குக் குல்லாயை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். “மேல போனப்புறம் தேடக் கூடாது பாரு.” மலைப்பாதையில் அடுத்த வளைவு வலப்பக்கமா இடப்பக்கமா என்று ஓட்டுநருக்கு முன்கூட்டியே அறிவிப்பார். ஓட்டுநர் தினமும் அதே பாதையில் போகிறவர் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

அவருடைய வாக்கியம் எல்லாமே ‘போன தடவை’ என்றுதான் தொடங்கும். வெள்ளி அருவியைப் பார்த்தால், போன தடவை சாரல் ரோடு வரைக்கும் தெறித்தது. ஏரியைப் பார்த்தால், போன தடவை இவ்வளவு கூட்டம் இல்லை. சாக்லேட் கடையில், போன தடவை பாதி விலை. அந்தப் ‘போன தடவை’ எந்த வருஷம் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஒரு சமயம் அது குணா படம் வந்த வருஷமாக இருக்கும்; இன்னொரு சமயம் எனக்கு மொட்டை போட்ட வருஷமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் அந்தப் பதவி சித்தப்பாவுக்கு. ரிட்டயராகிப் பல்லாவரத்தில் இருக்கிறார்.

தூண் பாறை என்பது பள்ளத்தாக்கின் விளிம்பில் தோளோடு தோள் உரசி நிற்கிற மூன்று பெரும் பாறைகள். உயரம் சுமார் 400 அடி, அதாவது 122 மீட்டர். திண்டுக்கல்லைத் தாண்டும்போது சித்தப்பாவும் 400 என்றுதான் சொன்னார். வத்தலக்குண்டில் டீ குடித்தபோது 500 ஆனது. கொடைக்கானல் வந்து சேர்வதற்குள் 700. “திண்டுக்கல்லுல 400-னு சொன்னீங்களே?” என்றேன். “மலை ஏற ஏற உயரம் கூடத்தானேடா செய்யும்?” என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வெயில் பளிச்சென்று இருந்தது. இப்போதே போகலாம் என்றாள் சித்தி. சித்தப்பா கேட்கவில்லை. நிதானமாகக் குளித்து, பொங்கல் சாப்பிட்டு, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. “பாறை என்ன, எழுந்து ஓடிடவா போகுது?”

பாறை ஓடவில்லை. ஆனால் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மலைச்சரிவில் மேலேறும். மேலே வந்ததும் குளிர்ந்து மேகமாகும். ஆகவே பல நாட்களில் மதியத்துக்கு மேல் தூண் பாறை முகம் கொடுக்காது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் வானத்திலிருந்து தரை வரைக்கும் சலவை வேட்டியைத் தொங்கவிட்டதுபோல வெள்ளை. அந்த வெள்ளையின் முன்னால் நின்று ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது ஒரு குரங்குக்கு மட்டும்தான். என் கையிலிருந்த மசாலாச் சோளத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

மற்றவர்களுக்கு அது ஏமாற்றம். முன்னமே பார்த்தவருக்கோ அதுதான் மேடை. பாறை தெரிந்தால் எல்லோரும் பாறையைப் பார்ப்பார்கள்; தெரியாவிட்டால் அவரைப் பார்ப்பார்கள்.

“அஞ்சே நிமிஷம், விலகிடும்” என்று தொடங்கினார். கையை நீட்டி, “இதோ, என் விரலுக்கு நேரா மூணு தூண். நடுவுல இருக்கறது கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கும்” என்று வெள்ளையில் கோடு போட்டுக் காட்டினார். திருப்பூர்க் குடும்பம் ஒன்று வந்து சேர்ந்தது. புதுமணத் தம்பதி ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு கல்லூரிக் கூட்டம். எல்லோரும் அந்த விரலைத் தொடர்ந்து பார்த்து “ஓ…” என்றார்கள். ஒரு பாட்டி அந்தத் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அங்கிள், குணா குகை எங்கே?” என்றான் ஒரு பையன்.

அந்தக் குகைகள் இந்தப் பாறைகளுக்கு நடுவே உள்ள ஆழமான பிளவுகள்தான். 1821-இல் வார்டு என்ற ஆங்கில அதிகாரி அவற்றைப் பற்றி எழுதிவைத்தார். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ‘சாத்தானின் சமையலறை’. 1991-இல் வந்த ‘குணா’ அந்தப் பெயரைத் துடைத்துவிட்டது. 2006-இல் கேரளத்துப் பையன் ஒருவன் உள்ளே விழுந்து நண்பனால் மீட்கப்பட்டதை வைத்து 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபிறகு கூட்டம் இன்னும் பெருகிவிட்டது. இதெல்லாம் சித்தப்பாவுக்குப் போதவில்லை.

“கமல் ஷூட்டிங் நடந்தப்போ நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன்.”

“அப்ப நீங்க அரக்கோணத்துல வேலையில இருந்தீங்க” என்றாள் சித்தி.

அந்தக் கூட்டத்தில் நிலவியல் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். பாறையில் செங்குத்தாக விரிசல்கள் விழுந்து, மழையும் வெயிலும் காலகாலமாக அவற்றை அகலமாக்கி, நடுவில் இருந்ததெல்லாம் உதிர்ந்துபோக, மிஞ்சியவைதான் தூண்கள் என்று அழகாக விளக்கினாள். “எல்லாரும் கிரானைட்னு சொல்வாங்க. பழனி மலையில பெரும்பாலும் சார்னோக்கைட்தான் அங்கிள். கல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்கோட கல்லறைக்கல் அந்த வகை. அவர் பேரையே கல்லுக்கு வெச்சுட்டாங்க. இந்த வகைக் கல்லை முதல்ல ஆராய்ஞ்சது மெட்ராஸ் பக்கம் பல்லாவரத்துல. நீங்க எந்த ஊரு அங்கிள்?”

சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை.

“பல்லாவரம்” என்றாள் சித்தி.

500 கிலோமீட்டர் வந்திருக்கிறோம், வீட்டு மாடியிலிருந்து தெரிகிற கல்லின் பங்காளியைப் பார்க்க. வேறு யாராவது என்றால் குல்லாயை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருப்பார். சித்தப்பா சுதாரித்துக்கொண்டார். “ஆனா பல்லாவரத்துல மிஸ்ட் கிடையாதேம்மா!”

பிறகு வேலிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பையன்களுக்குக் குகையின் ஆழத்தைச் சொல்லத் தொடங்கினார். அப்போதுதான் கீழேயிருந்து ஒரு காற்று வந்தது. வேட்டி நடுவில் கிழிந்தது. கருத்து, நனைந்து, பசுமை ஒட்டிய மூன்று பாறைகள் எழுந்து நின்றன. அத்தனை பேச்சும் அடங்கியது. அவர் விரல் காட்டிய இடத்தில் இல்லை, அதற்கு நன்றாக இடப்பக்கம். பாட்டி சட்டென்று திரும்பி, கணக்கைச் சரிசெய்வதுபோல, மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரு நிமிஷம் இருக்கும். சித்தப்பா பேச்சை முடித்துத் திரும்புவதற்குள் திரை விழுந்துவிட்டது.

“பாத்தீங்களா? அஞ்சு நிமிஷத்துல விலகும்னு சொன்னேனா இல்லையா?” என்றார். நாங்கள் வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. “போன தடவை இன்னும் நல்லாவே தெரிஞ்சுது.”

திரும்பும் வழியில் சித்தி மெதுவாகக் கேட்டாள். “என்னங்க, நீங்க பாக்கவே இல்லையே?”

“எனக்கெதுக்குடி? நான்தான் முன்னமே பாத்திருக்கேனே!”

தூண் பாறைக்குப் போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். மதியம்தான் போக வாய்க்கும் என்றால் முன்னமே பார்த்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்றுமே தெரியாத இடத்தில் முக்கால் மணி நேரம் நிற்க வைக்க அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவர் நிற்க வைத்ததால்தான் நாங்கள் அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்தோம்.