புரோசசருக்கு ஒரு லயத்து வீடு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வேலை போனால் லயத்து வீடும் போகும். கேம் கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே சட்டம்தான்: புரோசசரை மாற்றினால் பல நேரம் மதர்போர்டும் போகும். 2017-இல் இண்டெல்லின் எட்டாம் தலைமுறை புரோசசர் வந்தபோது சாக்கெட்டின் முள் எண்ணிக்கை மாறவில்லை, அதே 1151. ஆனாலும் பழைய மதர்போர்டில் அதற்கு இடமில்லை என்றது கம்பெனி. பிறகு 2020-இல் 1200, 2021-இல் 1700, 2024-இல் 1851. ஏஎம்டி கொஞ்சம் இரக்கமுள்ள துரை: 2016-இல் வந்த ஏஎம்4 சாக்கெட்டின் போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டால், 2022-இன் ரைசன் 5800எக்ஸ்3டி-யும் குடியேறிவிடும்.

இரண்டு கம்பெனிகளும் 1970-களின் தொடக்கத்திலேயே பினாங்கில் ஆலை திறந்தவை. அதனால் புரோசசரின் முதுகில் மலேசியா என்று பொறித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. உள்ளூர்ச் சரக்காச்சே என்று ஈப்போ கடையில் விலை குறைப்பார்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கடைக்குப் போகும் நம் தம்பியோ ஓவர்க்ளாக் செய்யவே முடியாத புரோசசரை எடுப்பான். அதற்குத் துணையாக, ஓவர்க்ளாக்குக்கென்றே செய்த இசட் வரிசை போர்டு.

"அண்ணே, பி வரிசை போர்டு போதாதா?" என்று கடைக்காரரிடம் கேட்பான்.

"போதும் தம்பி. ஆனா அதுல இவ்வளவு லைட் எரியாது."

லைட் ஜெயித்தது. கேமை உண்மையில் ஓட்டுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான். அதற்கு ரிங்கிட் மிச்சமில்லை. அடுத்த போனஸில் பார்க்கலாமாம்.